இன்னிக்கு ராத்திரியா, நாளைக்கா?



ஆம்பூர்லேர்ந்து ஒரு லெட்டர். பி.காம். ரெண்டாவது வருஷம் படிக்கிற தங்கச்சி. பேர் போட வேணாம்னு கேட்டிருக்காங்க, போடலை. வீட்டுல வெள்ளையா, புசுபுசுன்னு ஒரு சின்ன நாய். முதல் சினை. அம்மா ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் செக்‌ஷன், காலையில போனா சாயங்காலம்தான் வீடு. இனி அவங்க எழுதினதை அப்படியே தர்றேன்: ''லீவு வேணும்னா முந்தின நாளே சொல்லணும். என்னிக்குக் குட்டி போடும்னு சொல்லு, கேக்கறேன்னு அம்மா சொல்றாங்க. எனக்கு செமஸ்டர் வேற. எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது? டி.வி.ல காட்டற மாதிரி திடீர்னு வலி வந்துடுமா?''

தங்கச்சிக்கு அன்னிக்கே பதில் அனுப்பிட்டேன். பத்திரிகை வந்து சேர்றவரைக்கும் அந்த நாய் காத்துக்கிட்டா இருக்கும்? ஆனா இதே கேள்வி உங்கள்ல பல பேருக்கு என்னிக்காவது வரும். அதான் இந்த வாரம்.

முதல்லயே சொல்லிடறேன். பத்து நாள் முன்னாடியே தேதி குறிக்கிறது நடக்காது. ஆனா, 'நாளைக்கு லீவு சொல்லிடும்மா'ன்னு முந்தின நாள் சொல்றது பெரும்பாலும் நடக்கும். அதுக்குத் தேவை மெடிக்கல் ஷாப்ல விக்கிற சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு, பழைய நோட்டு ஒண்ணு.

இதை நான் புக் படிச்சுத் தெரிஞ்சுக்கலை பாஸ். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2009, மே மாசம். காலேஜ் லீவுல பேரணாம்பட்டுல ஆயா வீட்டுல இருந்தேன். நம்ம ஏரியா மே மாசம் எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? வேலூர்ல 40 டிகிரி தாண்டினா அது நியூஸே கிடையாது. ஆயா வீட்டுல ஜூலின்னு ஒரு பாம். (நாம பொமரேனியன்னு கூப்பிடற அந்த வெள்ளை நாய்ங்கள்ல முக்கால்வாசி உண்மையில இண்டியன் ஸ்பிட்ஸ். சண்டைக்கு வராதீங்க, அதை இன்னொரு வாரம் வெச்சுக்கலாம்.)

மத்தியானத்துலேர்ந்தே ஜூலிக்கு மூச்சு இரைக்குது. நாக்கு தொங்குது. கட்டிலுக்கு அடியில போய் தரையைப் பிறாண்டுது. ஆயா திண்ணையில உக்காந்து ஷூ அப்பர் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி, நம்ம பக்கம் எத்தனையோ வீட்டுல நடக்கற வேலைதான். ஊசியிலேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னாங்க: ''இன்னாத்துக்குடா பயப்படற? வெயிலு தாங்கல அதுக்கு. அடியில குளுந்து கீதுன்னு பிறாண்டுது.''

நியாயமாத்தான் பட்டுது. அந்த வெயில்ல நானே நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஈரத்துணி போத்திவிட்டேன். சாயங்காலம் கரண்ட் போச்சு. ராத்திரி 9 மணி வாக்குல பார்த்தா, வாலுக்கு அடியில பச்சையா ஏதோ ஒழுகியிருக்கு. புல்லைத் தின்னிருக்கும்னு துடைச்சு விட்டுட்டுப் படுத்துட்டோம். ராத்திரி பூரா அது முக்கிக்கிட்டே இருந்திருக்கு. நாங்க தூங்கிட்டோம்.

காலையில கூடையில வெச்சு பஸ் பிடிச்சு டாக்டர்கிட்ட போனேன். அவர் திட்டலை. மூணே கேள்வி கேட்டார். என்னிக்கு மேட்டிங் ஆச்சு? டெம்பரேச்சர் எப்போ இறங்கிச்சு? முக்க ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு? மூணுக்கும் முழிச்சேன். ஆபரேஷன் பண்ணி நாலு குட்டி எடுத்தாங்க. ரெண்டு செத்துப் போயிருந்தது. ஜூலி பொழைச்சுது.

அந்த மூணு கேள்வியைத்தான் இன்னிக்கு உங்ககிட்ட கொடுக்கறேன்.

முதல் கேள்வி, தேதி. நாய்க்கு 63 நாள்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த 63, முட்டை வெளிவர்ற நாள்லேர்ந்து எண்ணற கணக்கு. மேட்டிங் நாள்லேர்ந்து எண்ணினா 57 நாள்லயும் போடலாம், 70 தாண்டியும் போகலாம். ஏன்னா ஆண் நாயோட உயிரணு பெண் நாய் உடம்புக்குள்ள பல நாள் உயிரோட காத்துக்கிட்டு இருக்கும். ஆக, காலண்டர் காட்டறது ரெண்டு வார ஜன்னல், அவ்வளவுதான். அதுக்காக எழுதி வெக்காம விட்டுடாதீங்க. அந்த ஜன்னல் எப்போ திறக்குதுன்னாவது தெரியணும் இல்லையா?

55-வது நாள் தாண்டினதும் ஒரு எக்ஸ்-ரே எடுத்துடுங்க. அப்போ குட்டிங்களோட எலும்பு நல்லா தெரியும், தலையை எண்ணிடலாம். எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் எல்லாம் வெளிய வந்துடுச்சா, உள்ள இன்னும் இருக்கான்னு கடைசியில சொல்ல முடியும். சின்ன நாய்க்கு இன்னொரு காரணமும் இருக்கு. சில சமயம் உள்ள ஒத்தைக் குட்டிதான் இருக்கும். ஒரே குட்டின்னா பிரச்னை குறைவுன்னு நினைப்போம். உண்மை நேர் எதிர். 'இடம் பத்தலை, வெளிய விடு'ன்னு குட்டிங்க உடம்புலேர்ந்து போற சிக்னல்தான் பிரசவத்தையே ஆரம்பிச்சு வெக்குது. ஒத்தைக் குட்டியோட சிக்னல் அம்மாவுக்குப் பத்தாமப் போயிடும். அது பாட்டுக்கு உள்ளயே கொழுகொழுன்னு வளரும், அப்புறம் வெளிய வர முடியாது.

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வருவோம். தெர்மாமீட்டர்.

நாயோட நார்மல் டெம்பரேச்சர் நம்மளை விட அதிகம். 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருக்கும். சினை நாய்க்குக் கடைசி வாரத்துல 100 பக்கம் வந்து நிக்கும். அப்புறம் ஒருநாள் திடீர்னு 99-க்குக் கீழ இறங்கும். அப்படி இறங்கினா பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள பிரசவம் ஆரம்பிச்சுடும்.

ஏன் இறங்குது? கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்த புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன், குட்டி போடற நேரம் நெருங்கினதும் சரசரன்னு குறையும். உடம்புச் சூட்டைத் தூக்கி வெச்சிருந்ததும் அதுதான். அது போனா சூடும் சரியும். பெரிய நாய்ல இந்த இறக்கம் அவ்வளவா தெரியாது. சின்ன நாய்க்கு உடம்பு சின்னது, சூடு சீக்கிரம் வெளிய போயிடும். அதனால பட்டுனு இறங்கும், 97-க்குக் கீழகூட போகும். நாய் சின்னதா இருக்கறதுல நமக்குக் கிடைக்கிற ஒரே சலுகை இதுதான்னு நினைக்கிறேன்!

58-வது நாள் வாக்குல பார்க்க ஆரம்பிங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தினமும் அதே நேரம். ஒரு வேளை மட்டும் பார்த்தா கோட்டை விட்டுடுவீங்க. ஏன்னா இறங்கின சூடு சில மணி நேரத்துலயே மறுபடி ஏறிடும். தெர்மாமீட்டர் நுனியில தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாய்ல ஒண்ணரை சென்டிமீட்டர் உள்ள விட்டா போதும். 'பீப்' வர்றவரைக்கும் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கிட்டே இருங்க. பழைய பாதரச தெர்மாமீட்டர் வேணாம், உடைஞ்சா வம்பு. அக்குள்ல வெச்சுப் பார்க்கறது, நெத்தியைக் காட்டற கன், இதெல்லாம் நாய்கிட்ட செல்லாது. அந்தத் தெர்மாமீட்டரை வீட்டுல வேற யாருக்கும் வெக்காம தனியா வெச்சுக்கறது உங்க பொறுப்பு! பார்த்ததை அப்பவே எழுதிடுங்க. 'ஞாபகம் இருக்கும்'னு சொல்ற ஆளுங்களை எனக்குத் தெரியும், நானும் அதுல ஒருத்தன்.

நம்ம ஊருக்கு இது ஏன் ரொம்ப முக்கியம்னு கேளுங்க. மூச்சு இரைக்கிறது, நிலைகொள்ளாம அலையறது, தரையைப் பிறாண்டறது, சாப்பாட்டை ஒதுக்கறது... பிரசவ அறிகுறின்னு யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. சரிதான். ஊட்டியில இருந்தா இதை நம்பலாம். வேலூர்ல, வாணியம்பாடியில, ராணிப்பேட்டையில ஏப்ரல், மே மாசம் எல்லா நாயும் இதைத்தான் செய்யுது, ஆண் நாய் உட்பட! வெயில் மூச்சையும் வலி மூச்சையும் கண்ணால பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனா வெயில்ல நாயோட உடம்புச் சூடு ஏறும். பிரசவத்துக்கு முன்னாடி இறங்கும். மூச்சு இரைக்குது, தெர்மாமீட்டர் 98 காட்டுதுன்னா அது வெயில் இல்லை. 104 காட்டுதுன்னா அது பிரசவம் இல்லை, உடனே நாயைக் குளிரவைங்க, டாக்டருக்கு போன் போடுங்க. ஆயாகிட்ட அன்னிக்கு ஒரு தெர்மாமீட்டர் இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

மத்த அறிகுறிங்களையும் சும்மா தள்ளிட வேணாம். வயிறு கீழ இறங்கி, இடுப்புப் பக்கம் ரெண்டும் ஒட்டிப்போகும். பீரோவுக்குப் பின்னாடி, துணி மூட்டைக்குள்ளன்னு இடம் தேடி, பேப்பரைக் கிழிச்சு மெத்தை போடும். பின்பக்கம் வீங்கி, கண்ணாடி மாதிரி கொழகொழன்னு திரவம் வரும். பால் மட்டும் ஆளை ஏமாத்தும். ஒரு நாய்க்கு ஒரு வாரம் முன்னாடியே சுரக்கும், இன்னொண்ணுக்குக் குட்டி வந்தப்புறம்தான். உடம்பு நடுங்கி, திரும்பித் திரும்பி வயித்தைப் பார்த்து, ஒரு வாந்தியும் எடுத்தா முதல் கட்டம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். உள்ள கர்ப்பப்பை வாய் திறந்துக்கிட்டு இருக்கும். 6-லேர்ந்து 12 மணி நேரம், முதல் பிரசவம்னா இன்னும் கூடவும் ஆகும். இந்த நேரத்துல அக்கம்பக்கத்து வாண்டுங்களையெல்லாம் கூட்டி வந்து வேடிக்கை காட்டாதீங்க. கூட்டத்தைப் பார்த்து மிரண்டா பிரசவம் நின்னுபோகும்.

படுக்கைக்கு அட்டைப்பெட்டி, பழைய காட்டன் புடவை, நியூஸ்பேப்பர் போதும். நம்ம பெல்ட் ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுல தோல் துண்டு சும்மா கிடக்குதேன்னு பெட்டியில போட்டு மெத்தை ஆக்கிடாதீங்க. நாய் இந்த நேரத்துல கையில... ஸாரி, வாயில கிடைச்சதையெல்லாம் கிழிக்கும், முழுங்கும். வெட் ப்ளூ தோல்ல இருக்கறது குரோமியம். அதே மாதிரி அப்பர் ஒட்டற சொல்யூஷன் டப்பா இருக்கற ரூம்லயும் பெட்டியை வெக்காதீங்க. அந்த நெடி நமக்கே தலையைச் சுத்த வெக்குது.

மூணாவது கேள்வி, நேரம். சுவர்க் கடிகாரம் தெரியற மாதிரி உக்காருங்க. முக்க ஆரம்பிச்சா அந்த நிமிஷத்தை எழுதுங்க. நல்லா பலமா முக்கியும் 20, 30 நிமிஷத்துல குட்டி வரலையா, டாக்டருக்கு போன். லேசா, விட்டு விட்டு முக்கியே ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சா, போன். ஒரு குட்டி வந்து, உள்ள இன்னும் இருக்குன்னு தெரிஞ்சும் ரெண்டு மணி நேரம் ஒண்ணும் வரலையா, போன். 99-க்குக் கீழ இறங்கி ஒரு முழு நாள் ஆகியும் ஒண்ணும் ஆரம்பிக்கலையா, அதுக்கும் போன்.

அந்தப் பச்சை... முதல் குட்டி வர்றதுக்கு முன்னாடி கரும்பச்சையா ஏதாவது ஒழுகினா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டுப் பிரியற இடத்துலேர்ந்துதான் அந்த நிறம் வருது. பிரிஞ்சுடுச்சுன்னா உள்ள இருக்கற குட்டிக்கு அம்மாகிட்டேர்ந்து வர்ற ஆக்சிஜன் கட். முதல் குட்டி வெளிய வந்தப்புறம் அதே பச்சை வந்தா சகஜம். எனக்கு அன்னிக்கு இது தெரியாது. புல்லுன்னு நினைச்சேன்.

தெரிஞ்சவர் யாராவது, 'ஒரு ஊசி போட்டா பொலபொலன்னு கொட்டிடும்'னு ஆக்சிடோசினை எடுத்துக்கிட்டு வந்தா, வாசல்லயே காபி கொடுத்து அனுப்பிடுங்க. குட்டி குறுக்க சிக்கியிருக்கும்போது அந்த ஊசி போட்டா கர்ப்பப்பையே கிழியலாம்.

''தெருநாய்க்கு எவன் தெர்மாமீட்டர் வெச்சான்?'' இதுவும் எங்க ஆயா கேட்டதுதான். நல்ல கேள்வி. தெருநாயோட தலையும் இடுப்பும் ஒண்ணுக்கொண்ணு சரியான அளவு, யாரும் அதை அழகுக்காகச் சின்னதாக்கலை. பக் நாயை எடுத்துக்கோங்க. 2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடியே ஒரு பக் ஓடுச்சே, அதுக்கப்புறம் தெருவுக்கு ஒரு பக் வந்துடுச்சு. பெரிய உருண்டைத் தலை, சின்ன இடுப்பு. இந்த மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு சிசேரியன் ரொம்ப சகஜம். அதை முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசி வெச்சுக்கணும், ராத்திரி 2 மணிக்கு இல்லை. அப்புறம் ஒண்ணு, தெருவுல செத்துப் போற குட்டிங்களை நாம யாரும் எண்ணறது இல்லை.

டாக்டர்னு சொன்னேன் இல்ல, 50-வது நாளே உங்க ஊர் டாக்டரைப் போய்ப் பாருங்க. 'ராத்திரி கூப்பிட்டா எடுப்பீங்களா? ஆபரேஷன் வசதி இருக்கா? இல்லேன்னா யாருகிட்ட போகணும்?' இந்த மூணையும் கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. கால்நடை மருத்துவத்துக்கு நம்ம மாநிலத்துல பெரிய இடம்னா வேப்பேரியில இருக்கற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிதான், 1903-லேர்ந்து இருக்கு. ஆனா வேலூர்லேர்ந்தே அது 140 கிலோமீட்டர், ஆம்பூர்லேர்ந்து இன்னும் 50 சேர்த்துக்கோங்க. முக்கிக்கிட்டு இருக்கற நாயைத் தூக்கிக்கிட்டு ஹைவேயில மூணு, நாலு மணி நேரம் போறது பிளான் ஆகாது. ஆட்டோ அண்ணா ஒருத்தர் நம்பரையும் அதே நோட்டுல எழுதிக்கோங்க.

குட்டி வந்ததும் அம்மாவே பையைக் கிழிச்சு நக்கி, கொடியைக் கடிச்சுடும். அது செய்யலைன்னா நீங்க உடனே பையைக் கிழிச்சு, மூக்கையும் வாயையும் துடைச்சு, துண்டால நல்லா தேய்ங்க. கால் பிடிச்சுச் சுத்தறதெல்லாம் சினிமா. கொடியை வயித்துலேர்ந்து ஒரு இஞ்ச் விட்டு, பீட்டாடின்ல நனைச்ச சாதா தையல் நூலால கட்டிட்டு, கட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டணும். அப்பர் தைக்கிற மெழுகு நூல் வேணாம், வழுக்கும். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடா வெச்சுக்கத் தெரியாது. அதனால ஃபேன், ஏர்கூலர் காத்து நேரா பெட்டியில அடிக்க வேணாம்.

இன்னொரு பழக்கத்தைச் சொல்லியே ஆகணும். சினைன்னு தெரிஞ்ச உடனே கால்சியம் டானிக் வாங்கி ஊத்தறது. டாக்டர் சொல்லாம ஊத்தாதீங்க. வெளியிலேர்ந்து கால்சியம் வந்துக்கிட்டே இருந்தா, எலும்புலேர்ந்து தானே எடுத்துக்கற வித்தையை உடம்பு மறந்துடும். குட்டி போட்டு ரெண்டு, மூணு வாரத்துல பால் அதிகமா சுரக்கும்போது ரத்தத்துல கால்சியம் பட்டுனு இறங்கும். சின்ன நாய், நிறைய குட்டின்னா இது ரொம்ப நடக்கும். நாய் விறைச்சு விறைச்சு நடக்கும், எச்சில் ஒழுகும், நடுங்கும், அப்புறம் வலிப்பு. அப்போ தெர்மாமீட்டர் வெச்சா 105 காட்டும். குட்டிங்களைப் பிரிச்சுட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். அதனால குட்டி வந்தாச்சுன்னு தெர்மாமீட்டரைத் தூக்கி உள்ள வெச்சுடாதீங்க.

ஆம்பூர் தங்கச்சி என்ன ஆனாங்கன்னு கேப்பீங்களே? போன வாரம் நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தாங்க. கட்டம் போட்டு, நீல மையில. திங்கள் காலை 100.4, மாலை 100.2. செவ்வாய் 100.5, 100. புதன் காலை 100.1. புதன் மாலை 98.2, அதைச் சுத்தி சிவப்பு மையில மூணு வட்டம். அன்னிக்கு ராத்திரியே அம்மா சூப்பர்வைசருக்கு போன் பண்ணி லீவு சொல்லிட்டாங்களாம். வியாழன் 11.20-க்கு முதல் குட்டி, 11.55, 12.50. எக்ஸ்-ரேயில மூணு, வந்ததும் மூணு. வெள்ளிக்கிழமை எக்ஸாம், காஸ்ட் அக்கவுன்ட்டிங். அது எப்படிப் போச்சுன்னு மட்டும் அந்த லெட்டர்ல ஒரு வார்த்தைகூட இல்லை.